தேனீப் பெட்டியை எங்கே வைப்பது?

பெசன்ட் நகரின் இயற்கை அங்காடிகளில் மலைத்தேனும் பெட்டித்தேனும் கண்ணாடிப் புட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அப்பகுதியின் வடக்கு விளிம்பில் அடையாறு கடலில் கலக்கிறது. புட்டியிலுள்ள தேன், ஆற்றில் வரும் நீர் ஆகிய இரண்டுமே தொலைவிலுள்ள காடுகளையும் ஏரிக்கரைகளையும் புறம்போக்கு நிலங்களையும் நம்பியிருப்பவை. அந்நிலங்களின் மீது யாருக்கு உரிமை என்ற வினாவைத்தான் தேனீ வளர்ப்புத் திட்டங்கள் தவிர்த்து வருகின்றன.

காதி கிராமத் தொழில் ஆணையம் 2017இல் தேன் இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் ஒன்றிய அரசு தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. தேனீ வளர்ப்பு நிலமற்றோருக்கு ஏற்ற தொழில் என்பதே இத்திட்டங்களுக்கு ஆதரவாக ஓயாது சொல்லப்படும் வாதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களுள் பெரும்பகுதியினர் நிலமற்ற கூலிகள். ஆகவே இவ்வாதத்தை நாம் உன்னிப்பாகப் பரிசீலிக்க வேண்டும்.

தேனீப் பெட்டி சிறியதுதான். ஆனால் அதன் தேனீக்கள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துப் பூக்களை நம்பி வாழ்கின்றன. அந்தப் பூக்கள் பிறர் தோட்டத்தில் இருக்கின்றன. பூச்சிக்கொல்லியை எப்போது தெளிப்பது என்பதையும் நிலவுடைமையாளரே முடிவு செய்கிறார். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அந்தக் குமரி மாவட்டத்தில் இன்றும் பருவம் வந்ததும் பெட்டிகள் ரப்பர் தோட்டங்களுக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. தோட்ட உரிமையாளரின் இசைவின்றி அங்கே தேன் இல்லை. சாதி ஆட்சி செய்யும் ஊரில் இத்தகைய இசைவு, ஒரு கூலித் தகராறோடு முடிந்துவிடக்கூடியது. அப்போது சேரியிலிருந்து வந்த பெட்டியை எங்கே வைப்பது?

ஏரிக்கரையில் நிற்கும் புங்கை, நாவல், புளிய மரங்களின் வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் பூக்கள் தேனீக்களுக்கு உணவாகின்றன. தேன் வருமானம் தருமெனில், மரத்தைக் காப்பதில் மக்களுக்கு நேரடி நன்மை பிறக்கும். நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பும் ஊரக வருமானமும் ஒன்றுசேரும் இடம் இதுவே. ஆயினும் ஊரக வேலைத் திட்டத்தில் தூர்வாரிக் கன்று நடும் தலித் பெண்ணுக்குக் கிடைப்பது அன்றைய கூலி மட்டுமே. மரம் வளர்ந்தபின் மகசூல் ஏலம் எடுத்தவருக்குச் செல்கிறது.

உழைப்பையும் உரிமையையும் இணைக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறு வனப்பொருள்களாக வரையறுத்து, அவற்றின் மீதான உடைமையை வனவாழ் மக்களுக்கு அளிக்கிறது. அதன் 5ஆம் பிரிவு நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் உரிமையாளர்களுக்கும் வழங்குகிறது. எனினும் பழங்குடியல்லாதோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். காட்டோரத் தலித் குடும்பங்கள் ஆவணமின்றி இங்கேதான் தடுக்கப்படுகின்றன. சமவெளியின் ஏரிக்கரைகளுக்கோ இத்தகைய சட்டமே இல்லை.

அடையாற்றுக்கு நீர் தரும் ஏரிகள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளவை. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்தே 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படும் 12 லட்சம் ஏக்கரில் பெரும்பகுதி பறிபோனது. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். நிலம் மறுக்கப்பட்ட வரலாறு இவ்வாறிருக்க, நிலமற்ற நிலையையே ஒரு தகுதியாக்கிப் பெட்டி வழங்குவது நீதியாகாது.

தேனீ வளர்ப்பை நாம் எதிர்க்கவில்லை. பெட்டியோடு உரிமையும் வேண்டும் என்கிறோம். ஏரிக்கரை மரங்களின் மகசூலும் பெட்டி வைக்கும் இடமும் நிலமற்ற தலித் பெண்களின் குழுக்களுக்கு நீண்டகாலக் குத்தகையாக, எழுத்துப்பூர்வமாக வழங்கப்பட வேண்டும். பஞ்சமி நிலங்கள் மீட்கப்பட வேண்டும். மேலேயுள்ள ஏரிகளின் நிலை கீழேயுள்ள நகரத்தின் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது என்பதை 2015 வெள்ளம் சென்னைக்கு உணர்த்தியது. அந்த ஏரிக்கரைகளைக் காக்கும் கைகளுக்கு அவற்றின் விளைச்சலில் பங்கில்லை என்றால், அப்பாதுகாப்பு நெடுநாள் நிற்காது.