வால்வை மாற்றும் முன்

டிரான்சிஸ்டரும் அதற்குப் பின் வந்த சில்லுகளும் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் கணிப்பொறியிலிருந்தும் வால்வை அப்புறப்படுத்திப் பல காலம் ஆகிவிட்ட பின்னரும், மின்கிதார் வாசிப்பவர்கள் அந்தக் கண்ணாடிக் குமிழைக் கைவிட மனம் ஒப்பாமல் இருக்கிறார்கள் என்றால், அதைப் பழமையின் மீதுள்ள வெறும் மோகம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றும்போது டிரான்சிஸ்டர் அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடுகிறது. வால்வோ அதையே படிப்படியாக மழுக்கி, காதுக்கு இதமான ஒரு கரகரப்பாக மாற்றித் தருகிறது. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷல் தம் கடையில் விற்கத் தொடங்கிய ஆம்ப்ளிபையரும், அதற்குச் சற்று முன்னே வந்த வாக்ஸ் ஏ.சி. 30-உம் உலகத்துக்குப் பழக்கிய கிதார் நாதம் வால்வின் இந்தக் குணத்திலிருந்து பிறந்ததே.

தூத்துக்குடிக்கு வால்வு அந்நியப் பொருளன்று. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையிலிருந்து இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு துல்லியமாக வந்து சேர்ந்த கரை இது. செட்டைப் போட்டுவிட்டு, வால்வு சூடேறி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் மெல்ல மேலெழுந்து வரும்வரை பொறுமையோடு காத்திருந்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் தாத்தாக்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்த பைலாவும் பொப் இசையும், தேவாலயங்களின் பாடகர் குழுக்களும், மார்கழிக் குளிரில் வீடு வீடாகப் போகும் கேரல் கோஷ்டிகளும் கிதாரை இந்தக் கரையின் சொந்த வாத்தியமாகவே ஆக்கிவிட்டன. கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களும் ஊர் திரும்பும்போது பழைய வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றை வாங்கி வருவதும், அதை ஆவலோடு போட்டுப் பார்த்து, ஒலி மங்கியோ இரைச்சலோடோ வருவதைக் கண்டு மனம் சோர்வதும் நடப்பதுதான்.

அந்தச் சோர்வு பிறந்தவுடன் செய்யப்படும் காரியத்தைப் பற்றியே இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன். பெட்டியிலுள்ள வால்வுகள் அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து ஒரு முழு செட்டை வரவழைத்துப் பொருத்திவிடுவதே பரிகாரம் என்று பலரும் நம்புகிறார்கள். வியாதி இன்னதென்று பாராமல் மருந்தை மாற்றுகிற இந்த முறை பணத்துக்கும் கேடு, பெட்டிக்கும் கேடு என்பது என் உறுதியான கருத்து.

வால்வு தேயும் பொருள்தான், அதில் சந்தேகமில்லை. அதன் நடுவிலுள்ள கேதோடின் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் முதலியவற்றின் ஆக்ஸைடு பூசப்பட்டிருக்கிறது. பெரும்பாலான கிதார் வால்வுகளில் 6.3 வோல்ட்டில் எரியும் ஒரு சிறு இழை அந்தப் பூச்சைச் சூடாக்க, அதிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு, சில நூறு வோல்ட் ஏற்றப்பட்ட பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையிலுள்ள கிரிட்டில் கிதாரின் மெல்லிய அலை வந்து அந்தப் பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் பெரிதாக்குகிறது. பூச்சு சத்திழக்க இழக்க ஒலி கூர்மை குன்றுகிறது. ஆனால் எல்லா வால்வும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஸ்பீக்கரை இயக்கும் இ.எல். 34, இ.எல். 84 போன்ற பவர் வால்வுகள் அதிக மின்னோட்டத்தையும் உஷ்ணத்தையும் சுமப்பதால், நாள்தோறும் உரக்க வாசிப்பவர்களிடம் ஓரிரு ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடக்கூடும். முன்வரிசையில் நிற்கும் இ.சி.சி. 83 போன்ற சிறு வால்வுகளோ பல ஆண்டுகள் நிம்மதியாக உழைப்பவை. பழையது என்ற ஒரே குற்றத்துக்காக அவற்றைக் கழற்றி எறிவது, நல்ல சரக்கைக் கொடுத்துவிட்டுச் சுமாரான சரக்கை விலைக்கு வாங்குவதாகவே பல சமயங்களில் முடிகிறது.

எது கெட்டது, எது கெடாதது என்று கண்டறிவது மாய வித்தையும் அன்று. வால்வின் உட்புறம் கண்ணாடியில் பூசினாற்போல் தெரியும் வெள்ளிப் படலம் வெளுத்துப் பால்நிறமாகிவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அது செத்த வால்வு. ஆம்ப்ளிபையர் ஓடும்போது மரப் பென்சிலால் சிறு வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினால், மணி அடித்தாற்போல் ஸ்பீக்கரில் கணகணக்கும் வால்வு உள்ளே தளர்ந்தது. கண்ணாடியின் மேல் நீலமாக ஒளி படர்வது பொதுவாகக் குற்றமில்லை. பிளேட் செக்கச் செவேலென்று பழுக்கத் தொடங்கினால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்காமல் சுவிட்சை அணைக்க வேண்டும்.

பிளேட் பழுப்பதும் வால்வின் குற்றமாகவே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில், வால்வு ரேடியோ காலத்திலிருந்து தொழில் செய்துவரும் ஒரு மெக்கானிக்கின் சிறு கடையில் நான் கண்ட காட்சி, இந்த எண்ணம் எவ்வளவு தவறென்பதை எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டியது. பாடகர் குழுவில் வாசிக்கும் இளைஞர் ஒருவர் தம் ஆம்ப்ளிபையரைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்து, “அண்ணாச்சி, ரெண்டு தடவ புது வால்வு போட்டாச்சு. போட்ட கொஞ்ச நேரத்துல ஒரு பக்கத்து வால்வு மட்டும் செவந்துருது” என்றார். பெரியவர் புது வால்வைக் கையில் தொடவே இல்லை. இருந்த பவர் வால்வுகளை உருவி ஓரமாக வைத்தார். இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையைச் சட்டத்தில் கவ்வவிட்டு, மற்ற முனையால் காலியான சாக்கெட்டின் கிரிட் காலைத் தொட்டார். எதிர்மறையாகக் காட்ட வேண்டிய முள் நேர்மறைப் பக்கம் ஏறி நின்றது. அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து ஒலியலையை மட்டும் கடத்திவிட்டு, உயர்மின் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஒரு கண்டென்சர், விரற்கணு அளவே உள்ளது, உள்ளே கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவுதான் வால்வை அளவுக்கு மீறி இழுக்கவைத்து எரித்துக்கொண்டிருந்தது. “வால்வக் கொற சொல்லாத தம்பி. அதக் கொல்லுதது வேற ஆளு” என்று சொல்லியபடியே அவர் ஈயம் உருக்கத் தொடங்கினார். கண்டென்சரின் விலை, வீணான வால்வுகளின் விலையோடு ஒப்பிடவே தகாத அற்பம்.

இந்த ஊருக்கென்று இன்னொரு விசேஷக் காரணமும் உண்டு. வெளியூரில் எழுதப்பட்ட எந்தக் கையேட்டிலும் அதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது நம் கரையில்தான். அந்த உப்பு நம் காற்றிலும் கலந்திருக்கிறது. வால்வைப் பிடித்து நிற்கும் சாக்கெட்டின் மெல்லிய கவ்விகள் இந்தக் காற்றில் சில மழைக்காலங்களிலேயே கறுத்துப் பச்சை பூத்துவிடுகின்றன. காலும் கவ்வியும் சரியாகத் தொடாதபோது எழும் கரகரப்பும், ஒலி வந்து வந்து மறைவதும், தேய்ந்த வால்வின் அடையாளங்களைப் போலவே காதில் விழும். புது வால்வைச் செருகும்போது ஏற்படும் உராய்வில் களிம்பு சற்று நீங்கி ஒலி தெளிந்துவிடுவதால், வால்வு மாற்றியதால்தான் குணமாயிற்று என்ற பிரமையும் உண்டாகிவிடுகிறது. பெட்டியை அணைத்து, மின்தேக்கத்தை வடித்து, பழைய வால்வையே நாலைந்து முறை செருகி எடுத்து, சாக்கெட்டை அதற்குரிய திரவத்தால் துடைத்து, தளர்ந்த கவ்வியை மெல்லிய ஊசியால் சற்று நெருக்கிவிட்டாலே சரியாகிவிடும் பெட்டிகள் நம் ஊரில் அநேகம்.

முதலில் சோதனை, பிறகு செலவு என்ற ஒழுங்கு இந்தக் கரைக்குப் புதியதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், 1961-இல் நடந்த கடைசிக் குளிப்புவரையிலும், சிப்பி விளையும் கடலடிப் பார்களை முன்கூட்டியே பார்வையிட்டு, மாதிரிக்கு எடுத்த சிப்பிகளைத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, சிப்பிகள் முற்றியிருக்கின்றன என்று உறுதியான பிறகுதான் கடலில் தோணிகள் இறங்கின. முற்றாத பாரில் குளித்தால் அந்த வருஷத்து வருமானமும் போய், வரும் வருஷங்களின் விளைச்சலும் போய்விடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். பழைய ஆம்ப்ளிபையரைத் திறப்பவனுக்கு வேண்டியதும் அந்த நிதானமே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்து, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில் மாவட்டமே நீரில் மிதந்தபோது, வீடுகளிலும் ஆலயங்களிலும் இருந்த ஒலிச்சாதனங்கள் எத்தனையோ சேற்றில் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் அவற்றில் கணிசமானவை தெருவோரத்துக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போய்ச் சேர்ந்தன. வால்வு காற்றும் புகாதபடி அடைக்கப்பட்ட கண்ணாடிக் குமிழ். வெள்ளம் அதன் உள்ளே போக வழியே இல்லை. கெடுபவை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும், டிரான்ஸ்பார்மரும், சாக்கெட்டுகளும், சுவிட்சுகளும்தாம். மின்சாரம் கொடுக்காமல், நல்ல நீரால் சேற்றையும் உப்பையும் கழுவி, பல நாள் உலரவைத்து, மீட்டரால் சோதித்துப் பார்த்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பெட்டிகளை எடைக்குப் போட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அப்படிச் செய்யச் சொல்லித்தர ஆள் இருந்திருந்தால் எடுத்து எறிந்தவர்களும் எறிந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் தெரியாதவர்கள் கைவைக்கும் வேலை இதுவன்று என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு ஆம்ப்ளிபையரின் பெரிய கண்டென்சர்களில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். அந்தப் பெரியவர் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டது பழக்கதோஷத்தால் அன்று. இரு கைகளும் பெட்டிக்குள் இருந்தால் மின்சாரம் மார்பின் வழியாகப் பாயும் என்பதால்தான். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிபையரை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகக்கூடும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகுவது அதன் ஆயுளை அங்கேயே முடித்துவிடும். கிரிட்டின் எதிர்மறை மின்னழுத்தத்தைத் திருத்தும் பயாஸ் அமைப்பு உள்ள பெட்டிகளில் பவர் வால்வுகளை ஜோடி பொருத்தி மாற்றியபின் பயாஸை மறுபடி அளந்து நிர்ணயிக்காவிட்டால், புது வால்வும் சீக்கிரமே பழைய வால்வாகிவிடும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்துகொண்டே வருவதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளை நாட்டிலேயே தயாரித்தது; அதன் பெயர் பொறித்த இ.எல். 84-ஐயும் இ.சி.சி. 83-ஐயும் வெளிநாட்டுக் கிதார்க்காரர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். அந்தச் சிறு வால்வுகளின் உற்பத்தி நம் நாட்டில் நின்றுபோய் நெடுங்காலமாகிவிட்டது. இன்று கிதார் உலகத்துக்கு வேண்டிய வால்வுகளில் மிகப் பெரும்பகுதி ரஷ்யாவின் சரத்தோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா ஆகிய ஊர்களிலும் சீனாவிலும் உள்ள விரல்விட்டு எண்ணத்தக்க தொழிற்சாலைகளிலிருந்தே வருகிறது. 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகெங்கும் வால்வுக்குத் தட்டுப்பாடு உண்டாகி விலையும் உயர்ந்தது. வால்வு இவ்வளவு அருமையான பொருளாகிவிட்ட பிறகு, தேவையின்றி ஒன்றை எறிவதும் வீண்செலவே.

பழைய உற்பத்தியாளர்கள் தேயும் பாகத்தைக் கையால் உருவி எடுக்கும்படி அமைத்து, எந்தச் சாக்கெட்டில் எந்த வால்வு என்ற அட்டவணையைப் பெட்டியின் உட்புறத்திலேயே ஒட்டி விற்றார்கள். வாங்கியவன் தன் பொருளைத் திறப்பான், திறக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். இன்றைய சாதனங்களோ திறந்தாலே உத்தரவாதம் போய்விடும் என்ற எச்சரிக்கையோடு வருகின்றன. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையவாசல் ஒன்றைத் திறந்தது வரவேற்கத்தக்கதே. ஆயினும் உரிமை கையில் இருந்தும் பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாவிட்டால் அந்த உரிமையால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆகவே தூத்துக்குடியின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக் கல்லூரிகளும், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு வால்வு ஆம்ப்ளிபையரைச் சோதிப்பதும் செப்பனிடுவதும் பற்றிய குறுகிய பயிற்சி ஒன்றையாவது உடனே தொடங்க வேண்டும். அதற்கு ஆசிரியர்களாக, நம் சந்துகளில் இன்னமும் கடை வைத்திருக்கும் ரேடியோ மெக்கானிக்குகளை உரிய மதிப்பூதியத்தோடு அழைத்துவர வேண்டும். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். பங்கு ஆலயங்களும் சவுண்டு சர்வீஸ்காரர்களும் தங்கள் கிடங்குகளில் கிடக்கும் பழைய வால்வுப் பெட்டிகளை எடைக்குப் போடாமல் அந்த மாணவர்களின் கைப்பழக்கத்துக்குக் கொடுத்து உதவட்டும். வீட்டில் ஆம்ப்ளிபையர் வைத்திருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இது: புது வால்வுக்குப் பணம் அனுப்புமுன், பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் ஒருமுறை பெட்டியைக் காட்டுங்கள்.