சாட் நாட்டின் பாக்கி

நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் வேலையை விட்டு, நிகராகுவாவில் கான்ட்ரா கிளர்ச்சிப் படையினரின் கொடுமைகளைப் பதிவுசெய்யப் போனவர் ரீட் பிராடி. பிறகு சாட் நாட்டின் சர்வாதிகாரி இசேன் ஆப்ரேயைத் துரத்தினார். 2001-இல் சாட் தலைநகர் இன்ஜமேனாவில், கைவிடப்பட்டுக் கிடந்த ஆப்ரேயின் ரகசியப் போலீஸ் அலுவலகத்தின் தரையெங்கும் காகிதக் குவியலைக் கண்டார். அதில் காவலில் செத்த 1,208 பேரின் பெயர்கள்! 2016-இல் செனகலின் டக்காரில் ஆப்ரேக்கு ஆயுள் தண்டனை.

புகழ் பிராடிக்கு வந்தது; வரட்டும். ஆனால் காலில் கையெறிகுண்டுச் சிதறலை வாங்கிக்கொண்டும் வழக்கை விடாதவர் சாட் வழக்கறிஞர் ஜாக்லின் முதேனா. வெளிநாட்டு வழக்கறிஞர் விமானம் ஏறிவிடலாம். முதேனா எங்கே போவார்?

பாதிக்கப்பட்ட 7,396 பேருக்கு 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்த இழப்பீடு சுமார் 8,200 கோடி சிஎஃப்ஏ பிராங்க். சாட் அரசும் ஆப்பிரிக்க ஒன்றியமும் அதை முழுமையாக வழங்க வேண்டும்.