சூசையிடம் கேட்ட சான்று

ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்புக் கொடி பிடிக்கிறோம். 1950இல் அந்த நாளில்தான் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

இது வெறும் சீட்டு, வேலை விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ஒரே சேரியில் அண்ணன் இந்து, தம்பி கிறித்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கும்பல் ஒரே சாதிப் பெயரைச் சொல்லி இருவரையும் அடிக்கிறது. அண்ணனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, தம்பிக்கு இல்லை. தனித் தொகுதியில் அண்ணன் நிற்கலாம், தம்பி நிற்க முடியாது. அடித்தவனுக்குத் தெரிந்த சாதி சட்டத்துக்குத் தெரியவில்லை.

சூசை வழக்கை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். சென்னை மவுண்ட் ரோட்டில், தெருவோரம் செருப்பு தைத்தவர் அவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, முன்பு பட்ட இழிவுகள் புதிய மதத்திலும் அதே கொடுமையோடு தொடர்வதைக் காட்ட வேண்டும், அதற்குச் சான்று வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

தெருவோரத்தில் உட்கார்ந்திருந்த சூசை சான்றுக்கு எங்கே போவார்? சான்று திருச்சபையின் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவர் ஒரு சான்று. எறையூரில் தனிப் பங்கு கேட்டதற்காக 2008 மார்ச்சில் தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டது இன்னொரு சான்று. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆனாலும் இரண்டு நாக்கு பேசுகிறது. டெல்லிக்கு மனு கொடுக்கப் போனால், “மதம் மாறினாலும் சாதி போகவில்லை” என்கிறார்கள். ஊரில் தேர் தங்கள் தெருவுக்கு வரவில்லை என்று நம் மக்கள் கேட்டால், “கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று, சாதி பேசாதீர்கள்” என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மை. அது எது என்று நமக்குத் தெரியும்.

“இதை வெளியே பேசினால் மதவாதிகளுக்கு ஆயுதம் கிடைக்குமே” என்று சில தோழர்கள் தயங்குகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நாம் வாயை மூடியிருப்பதும் அவர்களுக்குத்தான் லாபம். “உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே, பிறகு எதற்குப் பட்டியல் சாதித் தகுதி?” என்று அவர்கள் கேட்கிற கேள்விக்கு, மறைத்து வைத்த சுவர்தான் துணை நிற்கிறது.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. ஒன்றிய அரசு அதை ஏற்காமல், 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. ஆணையங்கள் வரும், போகும். நம் கையில் இருக்கிற வேலையை நாம் செய்வோம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியோடு ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். யாரை எங்கே புதைத்திருக்கிறார்கள், நடுவில் என்ன இருக்கிறது, பங்குப் பேரவையில் நம்மவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். படம் எடுங்கள். பங்குத் தந்தையிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் தேதி போட்டு எழுதுங்கள்.

ஆகஸ்ட் 10இல் அரசிடம் கேட்கிறவர்கள் நவம்பர் 2இல் ஆயரிடமும் கேட்க வேண்டும். சூசையிடம் கேட்ட சான்றை நாம் கொடுப்போம்.

ஜெய்பீம்.