இழை வந்தது, சாவி யாரிடம்?

பிறர் வீட்டினுள் ஸலாம் சொல்லி, அனுமதி பெற்ற பின்னரே நுழைய வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சமுதாயம் நாம். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் எங்கும் ஃபைபர் இணைப்பு வந்துவிட்ட இந்நாளில், வாசற்கதவுக்கு உள்ள அந்த ஒழுக்கம் வைஃபைக்கு மட்டும் ஏன் இல்லை? இணைப்புக் கொடுக்க வந்தவர் வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துச் செல்கிறார். அந்த எண் ஊருக்கே தெரியும். நாமோ ஆண்டுக்கணக்கில் அதை மாற்றுவதில்லை.

"சபுராளி வீடு, அவர் வந்துதான் பார்க்க வேண்டும்" என்பார்கள். இந்தச் சாக்கை நாம் ஏற்பதற்கில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வங்கியில் எடுத்து, வீடு கட்டும் கொத்தனாருக்குக் கணக்குத் தீர்க்கும் பெண்களுக்கு ஒரு ரௌட்டரை அமைப்பது பெரிய காரியமா? கடவுச்சொல் அறிந்தவர் வீட்டு வலையமைப்பினுள் வந்துவிட்டால், முற்றத்துக் கண்காணிப்புக் கேமராவுக்கும் அவருக்கும் இடையில் மிச்சமிருப்பது பெரும்பாலும் மாற்றப்படாத மற்றொரு கடவுச்சொல் மட்டுமே. அந்த இணைப்பின்வழி அவர் குற்றம் செய்தாலும், முதலில் விசாரிக்கப்படுபவர் யார் பெயரில் இணைப்பு உள்ளதோ அவரே.

நிறுவனம் தரும் ஓஎன்டி பெட்டி, இழையில் வரும் ஒளியை மின்குறிகையாக மாற்றுகிறது. அதன் அமைப்புகளை நிறுவனத்தார் தொலைவிலிருந்தே மாற்ற முடியும். பழுது நீக்க அது தேவையும்கூட. ஆகவே அப்பெட்டி வாசல்வரைதான். அதன் வைஃபையை நிறுத்திவிட்டு, லேன் கம்பி வழியே நமது சொந்த ரௌட்டரை இணைக்க வேண்டும். அதன் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் வெவ்வேறாக நாமே வைக்க வேண்டும். விருந்தாளிகளுக்குத் தனி வலையமைப்பு இருக்கட்டும்.

இன்னொரு குறையும் நம்மை உறுத்துகிறது. பெட்டி எப்போதும் முன்கட்டில்தான். நம் ஊர்ப் பழைய வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் அலை வெகுவாகத் தேய்ந்துவிடும். முன்கட்டில் ஆண்கள் காணொலி பார்க்க, பின்கட்டில் பாடம் படிக்கும் மகளுக்கு இணையம் இல்லை. ஒரு லேன் கம்பியை உள்ளே இழுத்து, அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் தீரும் சிக்கல் இது. கல்யாண விருந்தில் ஒரு ஸஹன் சோற்றுக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்காதவர்கள் இதற்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள்!

"இணையமே ஃபித்னா, துண்டித்துவிடுங்கள்" என்போரும் உளர். துண்டித்தால் பிள்ளைகள் மொபைல் டேட்டாவுக்குப் போவார்கள். அங்கே நம் கண் எட்டாது. ரௌட்டரில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.3 என்று இட்டால் ஆபாசத் தளங்கள் பெருமளவு தடுக்கப்படும். விபிஎன் அறிந்த பிள்ளை அதையும் தாண்டும். அவனிடம் பேசத்தான் வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்த பின் நாள்கணக்கில் இருளில் இருந்தோம். ஃபைபர் வழியிலுள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. இழை அறுபடாமலும் நிறுவனத்தின் முனையில் மின்சாரம் நிற்காமலும் இருந்தால், ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் ஒரு சிறு யுபிஎஸ் போதும். துபாயில் தவித்திருப்பவருக்கு வீட்டார் குரல் கேட்கும். அடுத்த ஐப்பசி மழைக்குள் அதையும் வாங்கி வையுங்கள்.