பாடத்தைக் கையில் கொடுங்கள்

மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் மூன்று கணினிகள் இருக்கின்றன. ஒன்று 2010-ல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய மேசைக்கணினி. மற்ற இரண்டும் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். என்னிடம் படித்த பிள்ளைகள் வேலை கிடைத்துப் புதிது வாங்கியதும், "யாராவது ஜூனியருக்கு ஆகும் மேடம்" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை. மாலை ஆறரைக்கு மேல் நொச்சிக்குப்பம், சைதாப்பேட்டை, ராஜா அண்ணாமலைபுரம் பக்கமிருந்து டிப்ளமோ படிக்கும் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பெரும்பாலும் அரியர் வைத்தவர்கள். பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டு மின்னியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறேன்.

2023 ஆகஸ்டில் ஒரு மாலை. அப்போது மூன்று கணினிகளிலும் விண்டோஸ் 7 இருந்தது. இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி மடிக்கணினியில் யூடியூபைத் திறந்து, மின்மாற்றி பற்றிய ஐஐடி விரிவுரை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுமை ஏற்றிய மின்மாற்றிக்கு ஃபேஸர் படம், அதாவது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கோணத்தோடு காட்டும் கோட்டுப் படம், வரையும் இடம். பலகையில் முதல் கோடு விழுந்தது. படம் நின்றது. உள்ளே விசிறி மிக்ஸி மாதிரி இரைந்தது. குரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. படம் மறுபடி அசைந்தபோது பலகையில் நான்கு கோடுகள். "நடுவுல எதை முதல்ல போட்டார்னே தெரியல மேடம். வரைஞ்சு முடிச்சப்புறம்தான் காட்டுது" என்றாள். ஃபேஸர் படத்தில் கோடுகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதுதான் பாடமே. முடிந்த படம் எந்த கைடிலும் கிடைக்கும்.

நெட் ஸ்லோ என்று பிள்ளைகள் சொன்னார்கள். நெட் மேல் தப்பில்லை. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் காணொளியைச் சுருக்கி அனுப்புகிறது. 2011-ல் செய்த கணினியின் கிராஃபிக்ஸ் பகுதிக்கு அந்த முறைகள் தெரியாது. அதற்கு முந்தைய ஹெச்.264 தான் தெரியும். ஆகவே சுருக்கிய படத்தைப் பிரிக்கிற வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது. ஏற்கெனவே பிரௌசரைச் சுமந்து திணறுகிற செயலி அது. மூச்சு வாங்குகிறது.

மறுநாள் என் மகளின் புது மடிக்கணினியில், ஐஐடி பாடங்களை வைத்திருக்கும் என்பிடெல் தளத்துக்குப் போய், அதே விரிவுரையை எம்பி4 கோப்பாக இறக்கி, பென்டிரைவில் போட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். அதே பழைய மடிக்கணினி, அதே 2 ஜிபி ரேம். விஎல்சி பிளேயரில் தங்குதடையின்றி ஓடியது. விஎல்சியில் ‘இ’ எழுத்தைத் தட்டினால் காட்சி ஒவ்வொரு பிரேமாக நகரும். அந்தப் பெண் தட்டித் தட்டி நிறுத்தி, பக்கத்தில் நோட்டில் ஸ்கேல் வைத்து வரைந்தாள். முதலில் ஃபிளக்ஸ். அதற்கு 90 டிகிரி பின்னால் தூண்டப்பட்ட மின்னழுத்தம். பிறகு சுமை மின்னோட்டம். அதை ஈடுகட்ட முதல் சுருளில் எதிர்ப்பக்கமாக ஒன்று. கடைசியில் சுமையே இல்லாதபோதும் ஓடுகிற சின்ன மின்னோட்டத்தைச் சேர்த்து மொத்தம். இருபது நிமிடம் ஆனது. அந்த நோட்டுப் பக்கத்தை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான். பொதுப்பணத்தில் எடுக்கப்படும் பாடக் காணொளி எதுவானாலும், பார்க்க மட்டும் கொடுக்காதீர்கள். சேமித்துக்கொள்ளும் கோப்பாகக் கையில் கொடுங்கள்.

இது புதிய ஆசை இல்லை. 2003-ல் ஐஐடி பாடங்களை ஒளிபரப்ப ஏகலவ்யா என்ற தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது. எங்கள் தெரு கேபிளில் அது வந்த நாட்களில் விசிஆரில் காலி கேசட்டைப் போட்டுப் பதிந்து, மறுநாள் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். என் விசிஆர் எந்த ஆண்டு மாடல் என்று அலைவரிசை கேட்கவில்லை. அதே ஆண்டில்தான் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. அதன் அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில், சென்னை ஐஐடி வளாகத்துக்குள் இருக்கிறது. காணொளியை இறக்கிக்கொள்ளவும், விரிவுரையின் எழுத்துவடிவத்தை பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ளவும் அவர்கள் தளத்திலேயே வழி வைத்தார்கள். பல பாடங்களின் எழுத்துவடிவம் தமிழிலும் இருக்கிறது. இணைய வசதி குறைந்த கல்லூரிகள் ஹார்டு டிஸ்க் கொடுத்துப் பாடங்களை நகல் எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்கள். இதை யோசித்துச் செய்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கிராமத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும்.

பழைய இயங்குதளத்தில் காணொளியைச் சேமிப்பது ஏன் இவ்வளவு கடினமாகிவிட்டது என்று வாசகர்கள் கேட்கலாம். கணினி கெட்டுப்போகவில்லை. எதிர்முனை மாறிக்கொண்டே போகிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் ஆதரவு நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. அதற்கான குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ம் பதிப்போடு முடிந்தது. யூடியூபிலிருந்து காணொளி இறக்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒய்டி-டிஎல்பி என்ற திறந்த மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. புதிய ஒய்டி-டிஎல்பி அதைவிட மேலே கேட்கிறது. பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளலாமே என்றால், யூடியூப் தன் உள்வேலையை அடிக்கடி மாற்றுவதால் அது சில மாதங்களில் செல்லாமல் போகிறது. போதாதற்கு இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ். 2021 செப்டம்பர் 30-ல் பல தளங்கள் நம்பியிருந்த மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, புதுப்பிக்காத பழைய கணினிகள் பல நல்ல தளங்களையே பாதுகாப்பற்றவை என்று சொல்லிக் கதவைச் சாத்தின.

இப்படி எல்லாக் கதவும் சாத்தினால் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை எங்கள் மாடியிலேயே பார்த்தேன். ஒரு பையன், கெட்டிக்காரன், "வீடியோ டவுன்லோடர் ஃப்ரீ" என்று தேடி, முதலில் வந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து எதையோ இறக்கி நிறுவிவிட்டான். இரண்டு நாளில் அந்தக் கணினியில் செருகிய பென்டிரைவ் எல்லாவற்றிலும் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறின. அந்தப் பென்டிரைவ்களில் ஒன்று இறுதியாண்டு மாணவி ஒருத்தியுடையது. அவளுடைய புராஜெக்ட் ரிப்போர்ட் அதில்தான் இருந்தது, வேறு நகல் கிடையாது. கோப்புகள் அழியவில்லை, மறைந்துதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மீட்டுக் கொடுக்க இரவு பதினொன்றரை ஆனது. அதுவரை அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா கீழே தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பையனை நான் திட்டவில்லை. பாடம் வேண்டும் என்றுதானே தேடினான்?

ஆகவே விண்டோஸ் 7-ஐ அப்படியே இணையத்தில் விட்டுவையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஆபத்து. 2017 மே மாதம் வான்னகிரை என்ற பணயத் தீம்பொருள் உலகத்தை உலுக்கியபோது அதிகம் சிக்கியவை புதுப்பிக்கப்படாத விண்டோஸ் 7 கணினிகள். நாங்கள் செய்த ஏற்பாடு வேறு. மேசைக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு, ரிச்சி தெருவில் ரேம் கூட்டி, லினக்ஸ் மின்ட் போட்டோம். இணையத்துக்குப் போவது அது ஒன்றுதான். அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இன்றும் வருகின்றன, செலவில்லாமல். மடிக்கணினிகள் இரண்டிலும் வைஃபையை அணைத்துவிட்டோம். பாலிடெக்னிக் லேபில் பழகும் மென்பொருளின் பழைய பதிப்பு ஓட வேண்டும் என்பதால் அவற்றில் விண்டோஸ் 7 அப்படியே இருக்கிறது. இறக்குவது ஓரிடம், படிப்பது மற்ற இடம். ஒரு மணி நேர விரிவுரை 480பி தரத்தில் ஏறக்குறைய 200 எம்பி பிடிக்கிறது. நாற்பது விரிவுரை கொண்ட ஒரு பாடம் 8 ஜிபி. ஒரு 32 ஜிபி பென்டிரைவில் மூன்று பாடம் அடங்கும்.

சட்டத்தைப் பற்றியும் நான் பிள்ளைகளிடம் பேசுகிறேன். நமது 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு படைப்பை நியாயமாகக் கையாள்வதை மீறலாகக் கொள்வதில்லை. ஆனால் யூடியூபின் விதிமுறை தனி. அது கொடுக்கும் பொத்தான் வழியாக மட்டுமே இறக்கச் சொல்கிறது. அந்த வசதி 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது 48 மணி நேரம்தான் காணொளி தங்கியது. இன்றும் அப்படி இறக்கியதைப் பென்டிரைவில் எடுத்து இன்னொரு கணினியில் ஓட்ட முடியாது. எனவே நான் என்பிடெல் பாடங்களோடு நிற்கிறேன். வேறு ஆசிரியர்களின் காணொளி தேவைப்பட்டால் மின்னஞ்சல் எழுதிக் கேட்கிறேன். இதுவரை கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் டிரைவில் கோப்பைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் கூடவே தன் வகுப்புக் குறிப்பையும் அனுப்பினார். ஆசிரியர்களுக்குக் கொடுக்க மனம் இருக்கிறது. கேட்டு வாங்கும் நிலையில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள்?

"எல்லார் கையிலும் போன் இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறது. உள்ளங்கை அளவு திரையில் மூன்று கட்டச் சமன்பாட்டின் கீழ்க்குறி தெரியாது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் மாலைக்குள் தீர்ந்துவிடும். என்னிடம் வரும் இரண்டு வீடுகளில் அண்ணன் தங்கைக்கு ஒரே போன். அண்ணன் டெலிவரி வேலைக்கு எடுத்துப் போனால் தங்கைக்கு அன்று பாடம் இல்லை.

புதுக் கணினி வாங்கிக் கொடுக்கலாமே என்கிறார்கள். 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தரப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. மனமார வரவேற்கிறேன். அரசு மடிக்கணினி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய முதல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளும் ஒருநாள் புதிதாகத்தான் இருந்தன. என்னிடம் உள்ளவற்றில் ஒன்று, திறந்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம். அந்தப் பதிப்புக்கும் காலம் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், 2017-க்குப் பிந்தைய செயலி வேண்டும் என்கிறது. அதனால் நன்றாக ஓடும் இன்னொரு தலைமுறைக் கணினிகள் இப்போது பரணுக்குப் போகின்றன. கணினியை எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது. எம்பி4 கோப்பு மட்டும் அன்றும் ஓடியது, இன்றும் ஓடுகிறது.

கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தைக் கேட்கிறேன். பாலிடெக்னிக் பாடத்திட்டத்துக்கு ஏற்ற காணொளிகளை, ஹெச்.264-ல், 480பி-யில், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஃபோல்டராகத் தளத்தில் வையுங்கள். ஒவ்வொரு கல்லூரி நூலகத்துக்கும் அவை அடங்கிய ஒரு ஹார்டு டிஸ்க் கொடுங்கள். நூலகர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பென்டிரைவில் நகல் எடுத்துக் கொடுக்கட்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இதற்கென்று ஒரு மேசை போட்டால் தென்சென்னைப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து வாங்கிப் போவார்கள். நானே வாரம் இரண்டு நாள் அங்கே வந்து உட்காரத் தயார். சம்பளம் வேண்டாம்.

அந்த ஃபேஸர் பெண் அம்பத்தூரில் பேனல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அவள் தம்பி இந்த ஆண்டு முதலாமாண்டு சேர்ந்திருக்கிறான். அவனுக்காக அடிப்படை மின்சுற்றுப் பாடம் இறங்கிக்கொண்டிருக்கிறது. நாற்பதில் முப்பத்தொன்று முடிந்தது. நேற்று மாலை மழைக்கு நெட் போனதால் முப்பத்திரண்டு பாதியில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான்.