காற்றை அளக்கும் பெட்டிக்கும் முத்திரை வேண்டும்

இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகள் 'பிராஜெக்ட்' என்று ஏதாவது ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். சில வருடங்களாக அதில் அதிகம் அடிபடுவது, காற்றில் உள்ள தூசு, புகையை அளக்கும் சிறு பெட்டி. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் நம் கடைகளுக்கு வந்து, "சார், கடை வாசல்ல ஒரு மாசம் மாட்டிக்கலாமா? கரண்ட் மட்டும் குடுத்தா போதும்" என்று கேட்கிறார்கள். நம்மவர்களில் பலர், "நாளைக்கு இதை வைத்தே நமக்கு நோட்டீஸ் வரும், எதற்கு வம்பு" என்று திருப்பி அனுப்பி விடுகிறார்கள். இது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனால் மாட்ட விடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். காலையில் ஷட்டர் தூக்கினால் இரவு வரை ரோட்டைப் பார்த்தே உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான். வாடிக்கையாளர் ஐந்து நிமிடத்தில் போய் விடுவார். பொட்டலம் கட்டும் பையன் போக முடியாது. கச்சேரி ரோட்டிலும் பனகல் பார்க் பக்கமும் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கிய நாள் முதல் பருப்பு மூட்டை மேல் விரலால் பெயர் எழுதலாம் என்கிற நிலை. கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூசாவது பெரும்பாலும் மூக்கு, தொண்டையோடு நிற்கும். தலைமுடிக் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும் நுண்தூசுதான் நுரையீரலின் அடி வரை இறங்குவது. ஒரு கன மீட்டர் காற்றில் அது 24 மணி நேர சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது 2009 முதல் நம் நாட்டு அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது வெறும் 15.

பிள்ளைகளின் பெட்டிக்குள் ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். லேசர் வெளிச்சம் அதன் மேல் படும். தூசு சிதறடிக்கும் ஒளியை வைத்துக் கணக்குப் போடும். அதாவது அது தூசை எடை போடுவதில்லை, மதிப்புப் போடுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தி.நகரிலும் அடையாறிலும் பல வருடங்களாகக் கையாண்ட முறை வேறு. வடிதாளை முதலில் எடை போட்டு, அதன் வழியே காற்றை இழுத்து, மறுபடி எடை போட்டுக் கழிப்பது. காலிச் சாக்கின் எடையைக் கழிக்கத் தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஈரம் ஏறிய சரக்கு எடை கூடக் காட்டும் அல்லவா? அதேபோல நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் தூசு உப்பி, லேசர் பெட்டி கூட்டிக் காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். மலிவான வாயு சென்சார் இன்னும் மோசம். கேஸ் கசிவு, சாராய ஆவி, சிகரெட் புகை எல்லாம் அதற்கு ஒன்றுதான். பருப்பையும் கல்லையும் சேர்த்து நிறுப்பது போல. அதில் வரும் எண்ணை 2015ல் வந்த காற்றுத் தரக் குறியீடு என்று திரையில் ஓட விடுகிறார்கள். தூசுக்கு அந்தக் குறியீடு ஒரு நாள் சராசரி. ஒரு மணி நேர விற்பனையைப் பார்த்து மாத லாபம் சொல்கிறவனை யார் நம்புவார்கள்?

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "தம்பி, இதை எந்தத் தராசோடு சரி பார்த்தாய்?" நம் எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போடாவிட்டால் முத்திரை ஆய்வாளர் சும்மா விடுவதில்லை. வேளச்சேரி, ஆலந்தூர், பெருங்குடியில் தானாக அளக்கும் அரசு நிலையங்கள் உள்ளன. அதில் ஒன்றின் பக்கத்தில் இரண்டு வாரம் பெட்டியை வைத்து, இரண்டின் எண்களையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்திக் கொண்டு வந்தால் போதும். கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்து விடுவார்கள்.

மலிவுப் பெட்டியே உதவாது என்று நான் சொல்லவில்லை. அரசு நிலையம் ஒன்று வைக்கும் செலவில் இப்படிப் பல கருவிகள் வாங்கலாம். பொது வாகனங்களில் இவற்றை மாட்டித் தெருத் தெருவாக அளக்கும் முறையைச் சென்னை ஐ.ஐ.டி. 2022ல் அறிவித்தது; 'காற்று' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். வேளச்சேரி எண்ணை வைத்து உஸ்மான் ரோட்டின் கதையைச் சொல்ல முடியாது என்பதால் நமக்கும் இது தேவை.

நோட்டீஸ் பயத்துக்கு வருகிறேன். கடை வாசலில் ஜெனரேட்டர் ஓட்டுவதும், இரவில் அட்டைப் பெட்டி கொளுத்துவதும் நம் பக்கத்துத் தவறுகள்தான், மறைப்பானேன்! ஆனால் பள்ளம் தோண்டுகிறவர்கள் திரை கட்ட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று 2018லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. வெறுங்கையோடு போய் "தூசு பறக்கிறது" என்றால் அதிகாரி தலையாட்டி அனுப்பி விடுவார். சரி பார்த்த பெட்டியின் ஒரு மாதக் கணக்கை மேஜை மேல் வைத்தால் அவர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

மாட்டும் இடத்தில் கவனம் தேவை. மிளகாய்த் தூள் அளக்கும் இடத்துக்கு மேலேயோ, வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும் சாமி படத்துக்குப் பக்கத்திலோ வேண்டாம். அப்புறம் தி.நகர் காற்று டெல்லிக் காற்றாகி விடும். ரோட்டைப் பார்த்த மாதிரி, மழை படாமல், சன்ஷேடுக்கு அடியில் மாட்டச் சொல்லுங்கள். கரண்ட் செலவு ஒரு சின்ன பல்புக்கு ஆகிற அளவுதான். வாரியத்துக்கு எழுதி இந்தப் பிள்ளைகளுக்கு நிலையத்தின் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கித் தருவதைச் சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.