கை தவறியதா, காவல் தவறியதா?



விபத்து நேர்ந்ததும் விசாரணை வருகிறது, விசாரணை முடிந்ததும் இரண்டே சொற்கள் வருகின்றன: "மனிதத் தவறு!" அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் இயந்திரத்திடம் விரலைப் பறிகொடுத்தவன் கேட்ட சொற்கள் அவை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பட்டறைத் தோழர்கள் அறிந்த சொற்கள். காப்பு மூடியைக் கழற்றச் சொன்னது யார், ஓய்வின்றி இரண்டு ஷிப்டு பார்க்க வைத்தது யார் என்னும் கேள்விகளோ, வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டுவிடுகின்றன!

பட்டறையில் போவது விரல். அணு ஆலையிலும் இதே தீர்ப்பு என்றால், போவது எது?

நமக்குத் தெற்கே, கடலோரக் கல்பாக்கம். 2003 ஜனவரி 21. பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசெயலாக்கம் செய்யும் ஆலை. கடுங்கதிர்வீச்சுக் கழிவுத் தொட்டியையும், குறைந்த கதிர்வீச்சுக் கழிவுத் தொட்டியையும் பிரித்து நின்ற வால்வு பழுதுற்றது. பழுதை அறிவிக்கும் கருவி அங்கில்லை. கதிர்வீச்சைக் கண்டு எச்சரிக்கும் கருவியும் இல்லை. மாதிரி எடுக்கச் சென்றனர் ஊழியர். ஆறு பேர் கடுங்கதிர்வீச்சுக்கு ஆளாயினர். நிர்வாகம் சொன்ன காரணம் என்ன? ஊழியரின் மிகையார்வமாம், கணிப்புப் பிழையாம்! கருவி வைக்காதது எவருடைய பிழை?

இன்னொன்றும் கேளுங்கள். அந்த ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினுடையது. அம்மையத்தின் நிலையங்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கி, 2000-ஆம் ஆண்டிலேயே ஆணை பிறந்துவிட்டது. தேர்வு எழுதுபவனே தாளையும் திருத்துவது போன்ற ஏற்பாடு!

மனிதன்தான் பலவீனமான கண்ணி என்போர், உத்தரப்பிரதேசத்து நரோராவை நினைத்துப் பார்க்கட்டும். 1993 மார்ச் 31. டர்பைனின் இதழ்கள் முறிந்தன, தீ மூண்டது, நிலையமே மின்சாரமின்றி இருண்டது. கைவிளக்கோடு மேலேறி, கையாலேயே வால்வுகளைத் திறந்து, போரான் கரைசலை உலைக்குள் செலுத்தி, அணுப்பிளவு மீண்டும் தொடங்காமல் தடுத்தவர் யார்? ஊழியர்! கல்பாக்கத்தில் பழியேற்ற இனம், நரோராவில் ஊரைக் காத்தது.

அணு உலையின் ஆபத்தை மதிப்பிடுவோர், வால்வு பழுதாகும் வாய்ப்பைக் கணக்கிடுவதுபோல், மனிதன் தவறும் வாய்ப்பையும் கணக்கிடுகின்றனர். 1975-இல் அமெரிக்காவில் வெளியான ராஸ்முசென் அறிக்கையிலேயே அக்கணக்கு இடம்பெற்றது. களைப்பு, பயிற்சி, கால நெருக்கடி, கருவியின் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்தே தவறு கூடும், குறையும் என்பது அத்துறை கண்ட உண்மை. களைப்பைக் குறைப்பதும், பயிற்சி தருவதும், கருவி அமைப்பதும் யார் கையில்? தொழிலாளி கையிலா, நிர்வாகத்தின் கையிலா?

ஆகவே கேட்போம்: ஊழியர் தரும் எச்சரிக்கை ஏட்டில் ஏறட்டும், பாதுகாப்பு மதிப்பீடு மக்கள் மன்றத்துக்கு வரட்டும், கண்காணிப்பவர் வேறு, நடத்துபவர் வேறு என்பது எல்லா அணு நிலையத்துக்கும் சட்டமாகட்டும். கை தவறலாம், அது இயற்கை. அதை அறிந்தும் காவல் தவறுவது, குற்றம்!